ஓடிப்போய் ஓடுவது

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சைக்கிளோடு எலிவேற்றருக்குள் ஏறுகிறவனைப் பார்த்து எங்கள் கட்டடத்தில் இப்போது யாரும் ஆச்சரியப்படுவதில்லை. முன்சில்லை மேலே தூக்கி, சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி ஒரு மூலையில் நிற்பேன். பதினேழாம் மாடியிலிருந்து கீழே போய்ச் சேர்வதற்குள் இரண்டு மூன்று இடத்தில் கதவு திறக்கும். வேலைக்குப் போகிற பிலிப்பைன்ஸ் பெண்கள் இருவர் ஏறுவார்கள். நாயோடு ஒரு கிழவர் ஏறுவார். கிழவர் ஒவ்வொரு முறையும் எவ்வளவு தூரம் என்று கேட்பார். நான் சொல்வேன். அவர் நாயைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிப்பார்.

2025ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து ஒக்ரோபர் வரை எனக்கு நானே ஒரு பந்தயம் வைத்திருந்தேன். ரொறன்ரோவிலும் அயலிலும் நடக்கிற ஐந்து பொது ஓட்டங்களுக்கு சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து சைக்கிளில் போகவேண்டும். அங்கே ஐந்து கிலோமீற்றரை ஓடவேண்டும், முடியாவிட்டால் நடக்கவேண்டும். பிறகு சைக்கிளிலேயே வீடு திரும்பவேண்டும். பஸ் கூடாது, சப்வே கூடாது, ஒருவருடைய காரிலும் ஏறக்கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

மகளிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்டாள்: "அப்பா, ஓடுறதுக்கு நீங்கள் சைக்கிள் ஓடிக்கொண்டு போகப்போறீங்களா?" கேட்டுவிட்டுத் தானே நின்று யோசித்தாள். இங்கே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேண்டாவெறுப்பாய்ப் படித்த தமிழை, பல்கலைக்கழகம் போனபிறகுதான் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். எங்களுக்கு எல்லாமே ஓடுவதுதான். சைக்கிள் ஓடுவோம், கார் ஓடுவோம், தியேட்டரில் படம் ஓடும். எங்கள் மாடியில் இருக்கிற சென்னைக்காரர் கேட்டால் திருத்துவார்: "சைக்கிளை ஓட்டணும் சார், நீங்க ஏன் ஓடறீங்க?" அவருக்கு ஓட்டுவது வேறு, ஓடுவது வேறு. மகள் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். "நாட்டைவிட்டு ஓடி வந்தனாங்கள் எண்டு சொல்லுறதும் அதே வேர்ட்தானே" என்றாள். ஓம் என்றேன்.

பந்தயத்துக்குப் பின்னால் பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லை. சீனி வருத்தம். ஜனவரியில் குடும்ப வைத்தியர் இரத்தப் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஏ1சி 8.2. மாத்திரையைக் கூட்டலாம், உடம்பை அசைக்கலாம், இரண்டையும் செய்தால் நல்லது என்றார். இருபத்தைந்து வருடம் உணவகச் சமையலறைகளில் நின்றவன் நான். நாள் முழுக்க நிற்பது நடப்பதாகாது என்று அவர் விளங்கப்படுத்தவேண்டியிருந்தது.

அன்றிரவு லண்டனில் இருக்கும் தம்பிக்குச் சொன்னேன். அவன் ஒரு பார்க்ரன் பைத்தியம். 2004 ஒக்ரோபரில் லண்டன் புஷி பார்க்கில் 13 பேர் ஓடித் தொடங்கிய விஷயம் அது. சனிக்கிழமை காலை, ஐந்து கிலோமீற்றர், காசு இல்லை. இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அவன் ஒவ்வொரு கிழமையும் வேறு வேறு பூங்காவுக்குச் சைக்கிளில் போய் ஓடிவிட்டு வருவான். அதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். எல்லோருக்கும் பின்னால் தொண்டர் ஒருவர் நடந்து வருவாராம். கடைசியாய் வருகிறவர் எப்போதும் அந்தத் தொண்டர்தான். ஆகவே வேறு ஒருவரும் கடைசி ஆகமுடியாது. "நீ போனால் அவரோடதான் கதைச்சுக்கொண்டு வருவாய்" என்றான் தம்பி. லண்டனைப் போல இங்கே சனிக்கிழமை தவறாமல் பூங்காவுக்குப் பூங்கா ஓட்டம் இல்லை. ஆனால் மே தொடங்கினால் ஏதாவது ஒரு வருத்தத்துக்கு, ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்கு, யாரோ ஒருவர் எங்கேயோ ஓடிக்கொண்டிருப்பார்கள்.

சென் ஜேம்ஸ் ரவுணைப் பற்றி இரண்டு வரி சொல்லவேண்டும், இளையவர்கள் பலர் இங்கே கால் வைத்திருக்கமாட்டார்கள். ஷேர்போர்னுக்கும் பார்லிமென்ற் வீதிக்கும் இடையில் 19 உயர்ந்த கட்டடங்கள். 1960களில் பழைய வீடுகளை இடித்து, நகரத்தில் வேலை செய்யும் இளம் வெள்ளைக்காரருக்காகக் கட்டியவை. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வந்த எங்களில் எத்தனையோ பேருக்கு இதுதான் முதல் விலாசம். 1999இல் நான் வந்து இறங்கியபோது ஒற்றை அறை வீட்டில் ஆறு பெடியள் இருந்தோம். மற்ற ஐந்து பேரும் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று வீடு வாங்கிப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. வேலை கிட்ட, வாடகை பழைய வாடகை. எந்தக் கலியாண வீட்டிலும் எனக்கு முதல் கேள்வி சுகம் விசாரிப்பது அல்ல. "இன்னும் அங்கயோ இருக்கிறியள்?"

முதல் ஓட்டம் கிழக்கே ஏரிக்கரையில், வூட்பைன் பூங்காவில். வெல்லெஸ்லி வீதி முடிகிற இடத்துக்குக் கிட்ட றிவர்டேல் பண்ணை இருக்கிறது. அங்கே சேவல் கூவும், நகரத்தின் நடுவில். அதைத் தாண்டி நடைபாலத்தின் படிகளில் சைக்கிளைத் தூக்கி இறக்கினால் டொன் ஆற்றங்கரைப் பாதை. மேலே நெடுஞ்சாலை இரைந்துகொண்டிருக்கும், கீழே ஆறு மண்ணிறமாய் ஓடிக்கொண்டிருக்கும். ஏரிவரை போய்க் கிழக்கே திரும்பினால் சரி. ஒரு மணித்தியாலம் முந்திப் போய்விட்டேன். ஓட்டம் தொடங்கியபோது எனக்குக் குளிர் பிடித்துவிட்டது. 41 நிமிடம், அதில் பாதி நடை. எனக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார். அவரைப் பிடிக்க முடியவில்லை.

யூனில் சேர்ச் வீதிப் பக்கம் நடக்கும் பிரைட் ஓட்டத்துக்குப் போனேன். வீட்டிலிருந்து நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். சைக்கிளில் போவது சட்டப்படி சரி, மனச்சாட்சிப்படி பிழை. அதனால் புளோர் வீதியால் ஒரு பெரிய சுற்றுச் சுற்றிப் போய்ச் சேர்ந்தேன். அங்கே இரண்டு தமிழ்ப் பிள்ளைகளைக் கண்டேன். என்னைக் கண்டதும் ஒருகணம் தயங்கி, பிறகு "ஹாய் அங்கிள்" என்று கையைக் காட்டினார்கள். நானும் காட்டினேன்.

யூலையில்தான் பிழைத்தது. ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய மாணவர் சங்கம் மார்க்கத்தில், மில்ன் அணைப் பூங்காவில் நடத்திய நடையும் ஓட்டமும். போகவே முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. ஸ்ரீல்ஸ் தாண்டி மக்கோவன் வீதியில் பின்சில்லுக் காற்றுப் போய்விட்டது. கண்ணாடித் துண்டு. என்னிடம் பம்ப் இருந்தது, ஒட்டுப் போடுகிற சாமான் இல்லை. ஊரில் எந்த முடக்கிலும் ஒரு சைக்கிள் கடை இருக்கும். தண்ணீர்ச் சட்டிக்குள் ரியூப்பை அமுக்கி, குமிழி வருகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நியூஸ் கதைக்கிற ஒரு ஆள் இருப்பார். மக்கோவன் வீதியில் வீடுகளும் மதில்களும் பிறகு வீடுகளும்தான். நாலு கிலோமீற்றர் உருட்டினேன்.

ஏறி ஓடும்போது சைக்கிளுக்குப் பாரம் தெரியாது. உருட்டும்போதுதான் தெரியும். அந்தக் கோடை முழுக்க செம்மணியில் மறுபடியும் கிடங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை எலும்புக்கூடு, அதில் எத்தனை பிள்ளைகளுடையது என்று செய்தி வந்தது. செம்மணி என்றால் உலகத்துக்கு இனி அதுதான். எனக்கு அது நாங்கள் கடந்த றோட்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி. பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்து எல்லோரையும் வெளிக்கிடச் சொன்னது. வலிகாமம் முழுக்க அந்த இரவு இரண்டு றோட்டுகளில் இறங்கியது. கோப்பாயால் கைதடிக்கு ஒன்று, செம்மணியால் நாவற்குழிப் பாலத்துக்கு மற்றது. மழை. கொக்குவிலிலிருந்து நாங்கள் நாலு பேர். ஐயாவின் றலி சைக்கிளில் ஆச்சியைக் கரியரில் ஏற்றி, காண்டிலில் இரண்டு பை மாட்டி, நான் உருட்டினேன். எனக்கு 19 வயது. தம்பிக்கு 14, அவன் சைக்கிளைப் பிடித்தபடி நடந்தான். ஐயா ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

அந்த நெரிசலில் ஒரு அடி வைப்பதற்கு ஒரு நிமிடம் எடுக்கும். செம்மணி வெளியில் இருட்டுக்குள் ஐயா சொன்னார்: "நீ ஆச்சியைக் கொண்டு முன்னுக்குப் போ, நான் பின்னால வாறன்." அதற்குப் பிறகு எத்தனையோ தரம் திரும்பிப் பார்த்தேன், தலைகள்தான் தெரிந்தன. பாலத்தைத் தாண்டி விடிகிற நேரம் றோட்டு கொஞ்சம் இளகியது. நான் தம்பியைப் பாரில் ஏற்றினேன். மூன்று பேரோடு ஏறி மிதித்தேன். மீசாலைக்குப் போய்த்தான் நின்றேன், ஒரு பள்ளிக்கூடத்தில். பாலத்தடியில் நின்று பார்த்திருக்கலாம்.

ஐயா வர நாலு நாள். இந்த நாலு நாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஐந்தாம் நாள் காலை படலையடியில் வந்து நின்றார். கால் இரண்டும் வீங்கியிருந்தது, சாக்கைக் காணவில்லை. என்னைப் பார்த்து முதல் கேட்டது: "சைக்கிள் கவனமோ?"

ஏன் நிற்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. 2003இல் சமாதான நேரம் போனபோது அந்த றலி கொட்டிலுக்குள் சாய்ந்து கிடந்தது. டைனமோ மட்டும் இல்லை. மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, அந்த டைனமோவில்தான் றேடியோ கேட்டோம். அதைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டதாய்ச் சொன்னார். மூன்று கிழமை நின்றேன். சைக்கிளைப் பற்றிக் கதைத்தோம். 2011இல் அவர் போய்விட்டார்.

மில்ன் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியிருந்த றோல்ஸ் இரண்டைத் தந்தார்கள். சங்கத்தில் ஒருவர், "என்ன அண்ணை, சைக்கிளிலயோ? வானில ஏத்துங்கோ" என்றார். மாட்டேன் என்றேன். மறுபடி கேட்டார். ஏற்றினேன். சட்டம் அன்றைக்கு முறிந்தது. ஆகவே ஐந்து ஓட்டத்தில் நான் முழுதாய் முடித்தது நாலு என்று இங்கே எழுதிவைக்கிறேன், மகள் வாசிப்பாள்.

செப்ரெம்பரில் ஹை பார்க்கில் ரெறி பொக்ஸ் ஓட்டம். எங்கள் தலைமுறைக்கு ரெறி பொக்ஸை அறிமுகப்படுத்தியது பிள்ளைகள்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளோடு வருவார்கள், ரெறிக்கு ஒரு ரூனி வேண்டுமென்று. இரண்டு டொலரைக் கொடுத்துவிட்டு யார் எவர் என்று கேளாமல் விட்டவன் நான். இந்த முறைதான் வாசித்தேன். எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்த பையன். 1980 ஏப்ரல் 12 அன்று நியூபவுண்ட்லாந்தில் சென் ஜோன்ஸ் நகரத்தில் தொடங்கி, நாளுக்கு ஏறக்குறைய 42 கிலோமீற்றர். நல்ல காலில் இரண்டு தத்து, செயற்கைக் காலில் ஒன்று. யூலையில் ஸ்காபரோவுக்கும் வந்து பேசினார். 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடி, செப்ரெம்பர் 1ஆம் திகதி தண்டர் பே அருகில் நின்றார். நோய் நுரையீரலுக்கு வந்துவிட்டது. அடுத்த யூனில் இறந்தபோது வயது 22. அந்தச் செப்ரெம்பரில் முதலாவது ரெறி பொக்ஸ் ஓட்டம் நடந்தது. இதில் போட்டி கிடையாது, வென்றவர் என்று யாரும் இல்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு விவரம். டக் அல்வார்ட் என்று அவருக்கு ஒரு நண்பர். வானை ஓடியவர் அவர். ஒரு மைல் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ரெறி வந்து சேருமட்டும் காத்திருப்பார். தண்ணீர் கொடுப்பார். பிறகு இன்னொரு மைல். ஐயாயிரம் கிலோமீற்றரும் அப்படித்தான். முன்னால் போகத்தான் வேண்டும், போய் நிற்கவும் வேண்டும்.

ஹை பார்க்குக்குப் பாதை லேசு. வீட்டு வாசலில் ஏறி புளோர் வீதிச் சைக்கிள் பாதையால் மேற்கே போய்க்கொண்டே இருந்தால் சரி, எட்டுக் கிலோமீற்றர் வரும். 2024 நவம்பரில் மாகாண அரசு இந்தப் பாதையை அகற்றுவதற்குச் சட்டம் கொண்டுவந்தது. 2025 யூலைக் கடைசியில் நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் ஆட்கள் பலர் பாதையை எடுத்தால் நல்லது என்கிறார்கள், கார் நெரிசலாம். ஒருகாலத்தில் யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில் போன சனம். சரி, அதை விடுவோம். அன்றைக்கு 37 நிமிடம்.

பின்னேரம் தம்பிக்கு எடுத்தேன். ஓட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான் எடுத்தேன். வானையும் அல்வார்ட்டையும் சொல்லி, அப்படியே நாவற்குழிப் பாலத்துக்கு வந்துவிட்டேன். முப்பது வருடத்தில் அவனோடு இதைக் கதைத்தது இல்லை. நான் நின்றிருக்க வேண்டும் என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு அப்பிடி ஒரு நினைவே இல்லை அண்ணா" என்றான். "எனக்கு ஞாபகம், கால் நொந்து நொந்து நான் அழுதுகொண்டு வந்தது. நீ திடீரெண்டு தூக்கிப் பாரில வச்சாய். குளிர்க்காத்து மூஞ்சையில அடிச்சுது. அந்த ராத்திரியில எனக்கு ஞாபகம் இருக்கிற ஒரே சந்தோசம் அதுதான். நீ நிண்டிருந்தா நான் அதிலேயே விழுந்து படுத்திருப்பன்."

அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஏ1சி எவ்வளவு என்று கேட்டான். 7.1 என்றேன். "பரவாயில்லை" என்றான்.

கடைசி ஓட்டம் ஒக்ரோபர் நடுவில், ஸ்காபரோ தொம்சன் நினைவுப் பூங்காவில். மில்ன் பூங்காவில் என்னை வானில் ஏற்றிய ஆட்கள் அங்கே இன்னொரு நடையை ஒழுங்குபண்ணியிருந்தார்கள். ஒரு கிழமைக்கு முன்னம் தொலைபேசி எடுத்தார்கள். "அண்ணை, நீங்கள் சைக்கிளில வாறனீங்கள்தானே. கடைசி ஆளுக்குப் பின்னால ஒருத்தர் வரவேணும். பூங்காக்காரர் கட்டாயம் எண்டு சொல்லுகினம். ஓடுற பெடியள் ஒருத்தரும் மாட்டினமாம்." ஓட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ஐந்து கிலோமீற்றரைச் சைக்கிள் உருட்டி நடந்தாலும் கணக்கில் சேரும் என்று மகள் தீர்ப்புச் சொன்னாள்.

டொன் பாதையால் வடக்கே போய், ரெய்லர் ஓடையோடு கிழக்கே திரும்பி, விக்ரோரியா பார்க்கைத் தாண்டினால் மின்கம்பிக் கோபுரங்களுக்குக் கீழே ஸ்காபரோவைக் குறுக்கே வெட்டிப் போகும் புல்வெளிப் பாதை வரும். இருபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைய. கொக்குவிலிலிருந்து மீசாலைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். இதை நான் அளந்து பார்த்தது அன்றைக்கு அல்ல, முன்னமே. அந்தக் காலையில் பனிப்புகார். கோபுரங்களின் மேற்பாதியைக் காணவில்லை. கையுறை இல்லாமல் வந்துவிட்டேன்.

கடைசியாய் நடந்தவர் எண்பது தாண்டிய ஒரு ஐயா. கம்பளித் தொப்பி, மகனுடையதாயிருக்கவேண்டும், அளவு பெரிய ஜக்கெற். பேரப்பிள்ளைகள் முன்னால் ஓடிவிட்டார்கள். நான் இருபது அடி பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். பின்சில்லின் டிக் டிக் சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் தரம் நின்றுவிட்டார்.

"தம்பி, நீர் முன்னுக்குப் போம். நான் மெல்லமாய் வருவன்."

"இல்லை ஐயா. இண்டைக்கு எனக்குப் பின்னால வாறதுதான் வேலை."

என்னை மேலும் கீழும் பார்த்தார். சைக்கிளையும் பார்த்தார். பிறகு காண்டிலில் ஒரு கையை வைத்து ஊன்றிக்கொண்டு நடந்தார். நானும் பக்கத்தில் வரவேண்டியதாயிற்று. முழங்காலில் செய்த சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொன்னார், ஊரில் ஒரு காணி வழக்கைப் பற்றிச் சொன்னார். வழக்கு முடியவில்லை. நாங்கள் போய்ச் சேர ஒரு மணியும் ஐம்பது நிமிடமும் சென்றது. றோல்ஸ் முடிந்துவிட்டது, தேத்தண்ணி இருந்தது. அவரை ஒரு கதிரையில் இருத்தி, இரண்டு கோப்பை எடுத்துவந்தேன், எனக்குச் சீனி இல்லாமல்.

"எங்கயிருந்து சைக்கிளில வந்தனீர்?" என்று கேட்டார்.

"சென் ஜேம்ஸ் ரவுண்."

தேத்தண்ணியை வாயிலிருந்து எடுத்தார்.

"இன்னும் அங்கயோ இருக்கிறீர்?"